கேள்வி கேட்காத வேலைக்காரன்!

சிம்போசியம் முடிஞ்சாச்சு. சீஃப் கெஸ்ட்டுக்கு மெமென்டோ கொடுத்து அனுப்பியாச்சு. ஆனா, 600 போட்டோ ‘ஐஎம்ஜி_0412’, ‘ஐஎம்ஜி_0413’னு உங்க தலையில வந்து விழுந்திருக்கு. ‘எல்லாத்துக்கும் ஒழுங்கா பேர் வெச்சுக் கொடுப்பா’ன்னு ஹெச்.ஓ.டி. சொல்லிட்டுப் போயிட்டார். ஒவ்வொண்ணா ரைட் கிளிக், ரீநேம்... விடிஞ்சுடும் பாஸ்!

இங்கேதான் பைத்தான் கைகொடுக்கும். ‘ஓஎஸ்’ங்கிற மாட்யூலை இம்போர்ட் பண்ணுங்க. ‘லிஸ்ட்டிர்’ ஃபோல்டருக்குள்ள என்னென்ன இருக்குன்னு சொல்லும். ‘ரீநேம்’ பேரை மாத்தும். ‘ரிமூவ்’ அழிச்சிடும். பத்து வரி புரோகிராம் போதும். நீங்க டீயை ஆத்திக் குடிக்கிறதுக்குள்ள வேலை முடிஞ்சிடும்.

பைத்தான் பிறந்த கதையிலயே இதுக்கு ஒரு தொடர்பு இருக்கு. 1989 கிறிஸ்துமஸ் லீவுல இதை எழுத ஆரம்பிச்ச கைடோ வான் ராசம், அப்போ ஆம்ஸ்டர்டாம்ல ‘அமீபா’ங்கிற ஆபரேட்டிங் சிஸ்டம் புராஜெக்ட்ல இருந்தார். அமீபாவோட சிஸ்டம் கால்களை வழக்கமான ஷெல்லில் இருந்து சுலபமா தொட முடியலை. அந்தக் கடுப்பும் இந்த மொழி பிறக்க ஒரு காரணம். (மலைப்பாம்புக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லீங்க. பேர் வந்தது ‘மான்ட்டி பைத்தான்’ காமெடி ஷோவிலிருந்து!)

சரி, வில்லங்கத்துக்கு வருவோம். மவுஸால ஒரு ஃபைலை இழுத்துப் போட்டா, ‘இதே பேர்ல ஏற்கெனவே ஒண்ணு இருக்கே, மாத்திடவா?’ன்னு கம்ப்யூட்டர் கேட்கும். ஸ்கிரிப்ட் கேட்காது. சொன்னதைச் செஞ்சுட்டுப் போயிட்டே இருக்கும்.

முதல் நாள் போட்டோ 300. அதையெல்லாம் ‘ஆல்பம்’ ஃபோல்டருக்குள்ள ‘சிம்போ_001’ல ஆரம்பிச்சு ரீநேம் பண்ணி அனுப்பிட்டீங்க. ரெண்டாம் நாள் போட்டோவுக்கும் அதே புரோகிராம். எண்ணிக்கை மறுபடி 001-ல ஆரம்பிக்குது. லேப்ல இருக்கிற விண்டோஸ்னா ‘அந்தப் பேர்ல ஃபைல் இருக்கு’ன்னு எர்ரர் அடிச்சு நின்னுடும். தப்பிச்சீங்க! அதையே ஃப்ரெண்டோட லினக்ஸ் லேப்டாப்புல ஓட்டினா? சத்தமே இல்லாம பழசு மேல புதுசு உட்கார்ந்துடும். குத்துவிளக்கு ஏத்தினது, சீஃப் கெஸ்ட் பேசினது எல்லாம் காலி. திட்டுறதுக்கு ஒரு எர்ரர் மெசேஜ்கூட கிடைக்காது. ‘ரீநேம்’க்குப் பதிலா ‘ரீப்ளேஸ்’ போட்டிருந்தா விண்டோஸ்லயும் இதே கதிதான். ரீசைக்கிள் பின்ல தேடாதீங்க. ‘ரிமூவ்’ பண்ணினதும் அங்கே போகாது.

அதனால, முதல் தடவை ஓட்டும்போது ‘ரீநேம்’ வரியைத் தூக்கிட்டு, அந்த இடத்துல ‘பிரின்ட்’ போடுங்க. பழைய பேர், புதுப் பேர் ரெண்டும் ஸ்கிரீன்ல ஓடட்டும். ‘லிஸ்ட்டிர்’ வரிசையாத்தான் கொடுக்கும்னு நம்பாதீங்க, ‘சார்ட்டட்’ போட்டு அடுக்கிக்குங்க. பேர் மாத்துறதுக்கு முன்னாடி, அந்தப் பேர் ஏற்கெனவே இருக்கான்னு ‘எக்ஸிஸ்ட்ஸ்’கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குங்க. இருந்தா புரோகிராம் நிக்கட்டும்.

என்னைக் கேட்டா, ரீநேமே வேண்டாம். ‘ஷட்டில்’ மாட்யூல்ல ‘காப்பி2’ன்னு ஒண்ணு இருக்கு. புதுப் பேர்ல காப்பி மட்டும் எடுக்கும். காப்பியும் பழசு மேல உட்காரும்தான். ஆனா, ஒரிஜினல் பத்திரமா இருக்கும். கடைசியா ஆல்பத்துல எத்தனை இருக்குன்னு எண்ணிப் பாருங்க. 600 வந்தா ஹெச்.ஓ.டி. ரூமுக்குக் கிளம்புங்க. 300-தான் வந்துச்சா? ஒரிஜினல் ஃபோல்டரைத் திறந்து, முதல் நாளுக்கு 001-ல இருந்தும் ரெண்டாம் நாளுக்கு 301-ல இருந்தும் மறுபடி ஓட்டுங்க.