அழுங்கும் அதன் வளையும்

மயிலுக்கும் மானுக்கும் பரிந்து பேசுவார் பலர். பகலெல்லாம் மண்ணுக்குள் வளையில் உறங்கி, இரவில் மாத்திரம் வெளிவரும் எளிய பிராணிகளுக்குப் பரிந்து பேசுவார் மிகச் சிலரே. அத்தகைய அழுங்கைக் குறித்து ஈண்டுச் சில கூற விழைகின்றோம்.

எறும்புதின்னி என்றும் வழங்கும் இதற்குப் பற்கள் இல்லை. நீண்ட நாவினால் எறும்பையும் கறையானையும் உண்டு உழவனுக்கு உபகாரம் செய்வது. ஓர் ஈற்றில் பெரும்பாலும் ஒரு குட்டியே ஈனும். ஆதலின் ஒருமுறை குறைந்த இனம் விரைவில் பெருகாது. பகை கண்டால் பந்துபோற் சுருண்டுகொள்ளும். இவ்வுபாயம் சிறுத்தையிடம் பலிக்கும். மனிதனிடமோ, கோணியில் இட்டுச் செல்ல எளிதாகின்றது. அதன் செதில் நம் நகத்தை ஒத்த பொருளேயாம். எனினும் அதனை மருந்தென நம்பி அயல்நாட்டார் பொருள் கொடுக்கின்றனர்.

சட்டத்தில் குறைவில்லை. 1972-ஆம் வருடத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் அழுங்கு இடம்பெற்றுள்ளது; கொல்வோர்க்கு 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. 2016-இல் ஜொஹானஸ்பர்க் மகாநாடு சர்வதேச வியாபாரத்தையும் விலக்கிற்று. பின் குறை யாது? வளைதோண்ட நிலமின்மையே.

ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் வரும் சாலையை நோக்குமின்! ஆலைகள் பெருகின, பலர்க்குப் பிழைப்பும் கிட்டிற்று, அதனைப் பழிப்போமல்லோம். ஆனால் முயலும் நரியும் கீரியும் வாழும் புதர்க்காட்டையும் ஏரிக்கரையையும் ‘தரிசு’ என்று ஒரு சொல்லால் தள்ளிவிடுதல் நியாயமா? பிராணி வாழும் நிலம் தரிசாகுமோ?

ஆஸ்திரேலியாவில் வாம்பட் என்னும் வளைவாழ் பிராணி உண்டு. அதுவும் ஒற்றைக் குட்டியே ஈனுவது. அதன் வடதேசத்து ரோமமூக்கு இனம் 1980-களில் சுமார் 35 ஆகக் குறைந்தது. அதன் நிலத்தைக் காத்து, காட்டுநாய் புகாதபடி 2002-இல் வேலியிட்டனர். 2009-இல் ஒரு சுரங்கக் கம்பெனியின் பொருளுதவியால் இரண்டாம் உறைவிடமும் அமைத்தனர். இன்று அவ்வினம் 300-க்கு மேல் உளது. மண்ணை அகழ்ந்து பொருளீட்டுவோரே மண்ணுள் வாழ்வதற்கு இடமளித்தனர்! ஆங்கு இயன்றது ஈண்டு இயலாதோ?

நம் கல்லூரியினின்று ஆலைகளிற் பணியேற்கும் இளைஞர்காள்! மதிலுக்குள் ஒரு மூலைப் புதரையேனும் விட்டுவைக்குமாறு மேலோரிடம் எடுத்துரையுங்கள். செதில் விற்போரைக் கண்டால் வன இலாகாவினர்க்கு அறிவியுங்கள். அழுங்குப்பிடி என்பது நம்மவர் வழக்கு. அப்பிராணியைக் காக்கும் கொள்கையிலும் அத்தகைய பிடி நமக்கு வேண்டுமன்றோ?