பாடி நம்மது, இன்ஜின் யாருது?



நாமக்கல்லில் லாரி பாடி கட்டுற பட்டறைக்காரங்களுக்கு இந்தக் கதையை விளக்கவே வேண்டாம். சேசிஸ் இன்ஜினோட கம்பெனியிலிருந்து வரும். மரம், தகடு, வெல்டிங், பெயின்ட் எல்லாம் நம்ம வேலை. சேசிஸ் வரலைன்னா? எவ்வளவு கைதேர்ந்த வெல்டரா இருந்தாலும் வாசல்ல உட்கார்ந்து டீ குடிக்க வேண்டியதுதான்.

பெங்களூருவில் போர் விமானம் கட்டுற ஹெச்.ஏ.எல். நிறுவனத்துக்கும் இதே கதைதான் நடந்தது. 83 தேஜஸ் மார்க் 1ஏ விமானங்களுக்கு ஒப்பந்தம் போட்டது 2021 பிப்ரவரியில். அதுக்கு 99 இன்ஜின்களை அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக்கிடம் கேட்டது அதே ஆகஸ்ட்டில். முதல் இன்ஜின் வந்து சேர்ந்தது 2025 மார்ச்சில்! அதே செப்டம்பரில் கடைசி மிக்-21 விமானங்களும் ஓய்வு பெற்றன. 42 படைப்பிரிவு இருக்க வேண்டிய விமானப்படையில் மிஞ்சியது 29.

சொந்த இன்ஜினுக்கு முயற்சியே செய்யலையா? செய்தோம். நம்ம மேட்டூரிலிருந்து இறங்கி பள்ளிபாளையம் வழியா ஓடுற ஆத்தோட பேருதான் அதுக்கும்: காவேரி. 1989-இல் சுமார் 383 கோடி ரூபாயில் அனுமதி. 1996-க்குள் முடிப்பதாகத் திட்டம். இன்ஜின் ஓடியது, ஆனால் எடை கூடிப்போச்சு, தேஜஸுக்கு வேண்டிய உந்துவிசை வரலை. 2008-இல் தேஜஸிலிருந்து பிரித்துவிட்டார்கள்.

"இத்தனை வருஷமா என்னதான் பண்ணாங்க?"ன்னு கமென்ட்டில் கேட்கும் தம்பிகளுக்கு ஒன்று சொல்லணும். டர்பைனுக்குள் வரும் வாயுவின் வெப்பம் 1,400 டிகிரியைத் தாண்டும். அதில் நிற்கும் பிளேடு நிக்கல் கலப்பு உலோகம். அந்தச் சூட்டுக்கு முன்னாடியே உருகிடும். உருகாமல் இருக்க உள்ளே மெல்லிய துளைகள் போட்டு காற்றை ஓட்டணும். பிளேடு முழுவதையும் ஒரே படிகமாக வார்க்கணும். சேலம் வெள்ளைக்கல் சுரங்கத்து மேக்னசைட்டும் உலைச் சூட்டைத் தாங்கும், ஆனா அது செங்கல்லா சும்மா நிற்கும். இந்த பிளேடு நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கான முறை சுத்தணும். இந்த வித்தையை அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், ரஷ்யா யாருமே முழுசா விற்க மாட்டாங்க. காசை அள்ளிக் கொட்டிய சீனாவே பல வருஷம் ரஷ்ய இன்ஜினில்தான் பறந்தது.

அதனால் விஞ்ஞானிகளைக் கேலி செய்வதில் நமக்கு உடன்பாடில்லை. கேள்வி டெல்லிக்குத்தான். 1989-க்குப் பிறகு எல்லா நிற ஆட்சியும் வந்து போயாச்சு. பறக்கும் விமானத்தில் இன்ஜினை மாட்டிச் சோதிக்கும் வசதியை ஒருத்தரும் கட்டவில்லை. 2010-இல் காவேரியை ரஷ்யாவுக்குக் கொண்டுபோய் ஐ.எல்.-76 விமானத்தில் மாட்டிப் பார்த்தோம். இப்போ ஆளில்லா விமானத்துக்காக மாற்றிய காவேரிக்கும் அதே ரஷ்யப் பயணம்தான்.

அடுத்த தலைமுறைப் போர் விமானத்துக்கு பிரான்ஸின் சஃப்ரானோடு சேர்ந்து இன்ஜின் செய்யப் போவதாக 2025 ஆகஸ்ட்டில் பாதுகாப்பு அமைச்சர் அறிவித்தார். வரவேற்கிறோம். ஆனா பிளேடு வார்க்கும் ரகசியம் நமக்குக் கிடைக்குமா, இல்லை இதிலும் பாடி மட்டும்தானா?

இனி நம்ம ஊர் விஷயம். 2019 ஜனவரியில் தொடங்கிய பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் சென்னை, கோவை, ஓசூர், திருச்சியோடு சேலமும் ஒரு மையம். அதே 2019-இல்தான் சேலம் உருக்காலையைத் தனியாருக்கு விற்க விண்ணப்பம் கேட்டாங்க, தொழிலாளர்கள் தெருவுக்கு வந்தாங்க. ஒரு கையால் வழித்தடம், மறு கையால் ஏலம்! உலோகம் தெரிந்த ஊரை இப்படியா நடத்துவது?

தமிழ்நாட்டால் முடியாதுன்னு சொல்ல முடியாது. தேஜஸ் இன்ஜினிலிருந்து மற்ற கருவிகளுக்கு விசையைக் கொண்டுபோகும் கியர்பாக்ஸை உருவாக்கியது ஆவடி ஆய்வகம். திருச்செங்கோட்டில் ரிக் வண்டி கட்டுறவங்களுக்கு கம்ப்ரசரும் ஹைட்ராலிக்ஸும் கைவந்த கலை. அவங்களுக்கு இல்லாதது சான்றிதழ். விமானத்தில் ஒரு போல்ட் போடணும்னாலும் அதைச் சோதித்து எழுதித் தர ஆய்வகம் வேணும். சின்னப் பட்டறைக்கு அந்தச் செலவு கட்டாது.

அரசு செலவில், சின்னப் பட்டறையும் கட்டக்கூடிய கட்டணத்தில், ஓர் உலோகச் சோதனைக் கூடம் சேலத்துக்கு எப்போ வரும்? சேலம், நாமக்கல் எம்.பி.க்கள் அடுத்த கூட்டத்தொடரில் இந்தக் கேள்வியை எழுப்பணும். அவங்க பக்கத்தில் நீங்களும் போய்க் கேளுங்க.