இலவச ஃபீட் யாருக்கும் முகம் தராது

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடும் மேசைகளில் ஒரு ஹவுஸ் ரூல் கேள்விமுறை இல்லாமல் வேரூன்றிவிட்டது. புதிய கேம்பெயின் தொடங்குகிறது. ஆட்டத்தை நடத்தும் டிஎம், "ஆளுக்கு ஒரு ஃபீட் இலவசம், முதல் லெவலிலேயே எடுத்துக்கொள்ளுங்கள்" என்கிறார். எல்லாருக்கும் மகிழ்ச்சி. ஏன் என்று கேட்டால் இரண்டு காரணம் சொல்வார்கள். எல்லாருக்கும் ஒன்றே ஒன்றுதான், ஆகவே பாரபட்சம் இல்லை. இரண்டாவது, முதல் நாளே ஒவ்வொரு கேரக்டரும் தனித்துத் தெரியும். நானும் இதை நம்பித்தான் சில கேம்பெயின்களை நடத்தினேன். இரண்டு காரணமும் தவறு என்பதை அந்த மேசைகளில்தான் கற்றுக்கொண்டேன்.

ஃபீட் என்பது கிளாஸ் தராத ஒரு தனித்திறன். அதற்கு ஒரு விலை உண்டு என்பதைத்தான் இந்த ஹவுஸ் ரூல் மறக்கடிக்கிறது. 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பில் ஃபீட்டுகள் விருப்ப விதி மட்டுமே. நான்காம் லெவலை எட்டிய கேரக்டர் தன் உடல்வலிமையையோ அறிவையோ இரண்டு புள்ளி உயர்த்திக்கொள்ளலாம். வேண்டாம் என்றால் அதற்கு ஈடாக ஒரு ஃபீட். நான்காம் லெவலுக்கு 2,700 அனுபவப் புள்ளிகள் வேண்டும். அவ்வளவு காயம்பட்டு, அவ்வளவு தப்பிப் பிழைத்து, ஒன்றை விட்டுக்கொடுத்து வாங்குவது அது.

2000-இல் மூன்றாம் பதிப்பு ஃபீட்டை அறிமுகப்படுத்தியபோது முதல் லெவலிலேயே எல்லாருக்கும் ஒன்று கொடுத்தது உண்மைதான். ஆனால் அவை சில்லறைக் காசுகள். கிரேட் கிளீவ் வேண்டுமென்றால் முதலில் கிளீவ், அதற்கும் முன்னால் பவர் அட்டாக் என்று படிப்படியாகச் சேர்க்க வேண்டும். ஐந்தாம் பதிப்பு அந்தச் சில்லறையைத் திரட்டிப் பெரிய நோட்டுகளாக அடித்தது. எண்ணிக்கை குறைந்தது, ஒவ்வொன்றின் கனமும் கூடியது. பழைய பழக்கத்தில் சில்லறை கொடுப்பதாக நினைத்து இன்றைய டிஎம்கள் நோட்டை நீட்டுகிறார்கள்.

"எல்லாருக்கும் ஒன்று" என்ற சமத்துவத்தைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2014 விதிப்படி முதல் லெவல் ஃபைட்டர், உடல்வலிமை 16, கையில் ஹால்பர்ட். தாக்குதலுக்கு ஐந்து கூட்டல். எதிரே ஒரு கோப்ளின், ஆர்மர் கிளாஸ் 15, உயிர்ப்புள்ளி 7. பகடையில் 10-ஓ அதற்கு மேலோ விழ வேண்டும், அதாவது 55 சதவீத வாய்ப்பு. பட்டால் சராசரிச் சேதம் 8.5. கிரிட்டிக்கலை ஒதுக்கிவிட்டால் ஒரு சுற்றுக்குச் சுமார் 4.7. இவருக்கு போல்ஆர்ம் மாஸ்டர் ஃபீட்டை இலவசமாகக் கொடுங்கள். கோலின் மறுமுனையால் இன்னொரு அடி, பட்டால் சராசரி 5.5. சுற்றுக்கு இப்போது 7.7. ஃபைட்டருக்கு அவர் கிளாஸ் இரண்டாவது அடியைத் தருவது ஐந்தாம் லெவலில். இங்கே அதற்கு நிகரான ஒன்று கதை தொடங்குமுன்னே கைக்கு வந்துவிடுகிறது.

அதே மேசையில் ஒருவர் நாடோடி நடிகனாக ஆட ஆசைப்பட்டு ஆக்டர் ஃபீட்டை எடுத்திருப்பார். இன்னொருவர் மொழிகள் மேல் உள்ள ஆசையில் லிங்குவிஸ்ட் எடுத்திருப்பார். முதல் சண்டையில் கோப்ளின்கள் புல்போலச் சாய்வதைப் பார்த்த டிஎம் அடுத்த சண்டையில் கூட்டத்தை இரட்டிப்பாக்குகிறார். வேறு வழியும் அவருக்கு இல்லை. அந்தக் கூடுதல் கோப்ளின்கள் ஹால்பர்ட்காரரை மட்டும் தேடிப் போவதில்லை. கதைக்காக ஃபீட் எடுத்தவர்தான் முதலில் விழுகிறார். அடுத்த கேம்பெயினில் அவரும் ஆக்டரைத் தொடமாட்டார். என் மேசையில் இது கண்ணெதிரே நடந்தது. நல்ல நடிகர் அவர். மறுமுறை லக்கி ஃபீட்டை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அது இன்னும் என்னை உறுத்துகிறது.

இந்த ஹவுஸ் ரூலுக்கு ஆதரவாகச் சொல்லப்படும் வலுவான வாதம் ஒன்று உண்டு. வாள் ஏந்துபவர்கள் மந்திரக்காரர்களைவிடப் பின்தங்கிப் போகிறார்கள், இலவச ஃபீட் அந்தக் குறையைச் சமன்செய்கிறது என்பார்கள். குறை உண்மை, கைகொடுக்கும் நேரம்தான் தவறு. முதல் லெவல் விஸார்டிடம் இரண்டே ஸ்பெல் ஸ்லாட்டுகள், ஆறு உயிர்ப்புள்ளிகளும் கொஞ்சமும். ஃபைட்டர் தோள்தூக்கி நிற்கும் காலமே அதுதான். இடைவெளி விரிவது பின்னால், விஸார்ட் வானத்திலிருந்து நெருப்பைக் கொட்டத் தொடங்கிய பிறகு. வெயில் காயும்போது குடை பிடிக்க வேண்டும் என்றால், விடியற்காலையில் பிடித்துவிட்டு மத்தியானம் மடக்கி வைப்பதில் என்ன பயன்?

2014 விதியின் மாற்றுவகை மனிதரைப் பற்றியும் ஒரு சொல். இருளில் பார்வை போன்ற பிறவிச் சலுகை இல்லாத அவருக்கு முதல் லெவலில் கிடைத்த முக்கியமான சொத்து ஒரு ஃபீட். அதை ஊருக்கெல்லாம் பங்கிட்டுவிட்டு மனிதரை யாரும் தேர்ந்தெடுப்பதில்லை என்று வருந்துகிறார்கள்.

இனி இரண்டாவது காரணமான தனித்தன்மை. நடைமுறையில் அது தேய்கிறது. கைச்சண்டையில் கூடுதல் அடி என்பது மங்க் கிளாஸின் அடையாளம். ஃபீட் வழியே ஃபைட்டரும் அதைச் செய்கிறார். மேஜிக் இனிஷியேட் எடுத்த ரோக் இரண்டு கேன்ட்ரிப்பும் ஒரு மந்திரமும் கற்றுக்கொள்கிறார். பக்கத்தில் அமர்ந்திருக்கும் விஸார்டின் வியப்பு அங்கேயே பாதி கரைந்துவிடுகிறது. முதல் முறை ஆட வந்தவர் நிலை இன்னும் மோசம். இனம், கிளாஸ், பின்னணி மூன்றையும் முடிவுசெய்யவே திணறுபவர் முன்னால் நாற்பதுக்கு மேற்பட்ட ஃபீட்டுகளைப் பரப்புகிறோம். அவர் நிமிர்ந்து அனுபவம் உள்ளவரைப் பார்க்கிறார். "லக்கி எடு" என்கிறார் அவர். இப்படிப் பிறப்பது யாருடைய கேரக்டர்?

2024 பதிப்பே முதல் லெவலில் ஃபீட் தருகிறதே என்று கேட்பார்கள். என்ன தருகிறது என்று பாருங்கள். ஆரிஜின் ஃபீட் என்ற தனிப் பட்டியல், அந்தப் பதிப்பின் அடிப்படை நூலில் பத்தே பத்து. எது கிடைக்கும் என்பதைக் கேரக்டரின் பின்னணி முடிவுசெய்கிறது. போல்ஆர்ம் மாஸ்டரும் கிரேட் வெப்பன் மாஸ்டரும் நான்காம் லெவலுக்குக் கீழே எட்டாதபடி வைக்கப்பட்டிருக்கின்றன. பின்னதில், தாக்குதலில் ஐந்து கழித்துச் சேதத்தில் பத்து கூட்டும் பழைய வசதி நீங்கிவிட்டது. வடிவமைத்தவர்களே இவ்வளவு வேலி போட்டுத்தான் தருகிறார்கள். அதற்கும் மேலே இன்னொன்றை, வேலியில்லாமல், இலவசமாகக் கொடுக்கும் மேசைகள் இருக்கின்றன.

கொடுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆட்டம் கேட்கும்போது கொடுங்கள். இப்போது என் கேம்பெயின்களில் யாரும் இலவசத்தோடு தொடங்குவதில்லை. ஒரு விஸார்ட், முதல் சண்டையில் மந்திரத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, விழுந்துகிடந்த தோழனிடம் ஓடினார். இரண்டாவது சண்டையிலும் அப்படியே. கிராமத்தில் கிடைத்த காசில் சுருள் வாங்காமல் ஹீலர்ஸ் கிட் வாங்கினார். மூன்றாவது செஷனில் ஒரு கிழட்டுப் போர்வீரனின் காலைக் காப்பாற்ற இரவு முழுக்க விழித்திருந்தார். விடிந்ததும் ஹீலர் ஃபீட்டை அவர் தாளில் எழுதச் சொன்னேன். மேசையில் ஒருவர்கூட தனக்கு ஏன் இல்லை என்று கேட்கவில்லை. ரோக் ஆடியவர் மட்டும் என்னை விட்டு அந்த விஸார்ட் பக்கம் திரும்பி, கிழவன் சங்கதியை முதலிலிருந்து இன்னொரு தரம் சொல்லச் சொன்னார்.