ஸ்கேன் நார்மல் என்றால் நோய் இல்லையா?

மூளையின் அமைப்பை எம்ஆர்ஐ அளவுக்குத் தெளிவாகக் காட்டும் ஸ்கேன் வேறில்லை. அதிலேயே ஒன்றும் தெரியாவிட்டால் வலிப்பும் மறதியும் மனப்பிரமைதான் என்கிறார்கள். முதல் பாதி சரி. இரண்டாம் பாதி அநியாயம்.

ஒன்று: எம்ஆர்ஐ காட்டுவது அமைப்பை. வலிப்பு மின்கோளாறு, அதைப் பதிவுசெய்வது இஇஜி.

இரண்டு: எப்படி எடுத்த ஸ்கேன்? திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனம் 1995 முதல் வலிப்புக்கு அறுவை சிகிச்சை செய்துவருகிறது. இத்தகைய மையங்களில் மூளையின் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதிக்குக் குறுக்காக, மெல்லிய வெட்டுகளாகப் படமெடுத்து, வீடியோ இஇஜியோடு சேர்த்துப் படிக்கிறார்கள். தடித்த வெட்டுகளில் எடுத்த சாதாரண ஸ்கேனில் அங்குள்ள தழும்பு கண்ணுக்குத் தப்பிவிடலாம். தப்பினால் அது நோயாளியின் குற்றமா?

மூன்று: தலையில் அடிபட்டவர்கள். லேசான மூளை அதிர்ச்சியில் வழக்கமான எம்ஆர்ஐ பெரும்பாலும் நார்மலாகவே இருக்கும். அப்போது வரும் தலைவலியும் தடுமாற்றமும் பொய்யா? நரம்பிழைகள் அறுந்த இடத்தின் நுண்ணிய ரத்தக்கசிவை எஸ்டபிள்யூஐ என்ற படமுறை நன்றாகக் காட்டும். அதை எடுத்தார்களா என்று யாராவது கேட்டீர்களா?

"ஸ்கேன் நார்மல், நடிக்கிறாள்" என்று பெண்ணை அதட்டும் வீட்டாரே, அந்த அறிக்கையில் நடிப்பு என்று எங்கே எழுதியிருக்கிறது? அடுத்த முறை வலிப்பு வந்தால் கைபேசியில் படம்பிடித்து நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள்.