காத்து நம்மது, வாய் மட்டும் டெல்லியோடது!

மக்களே, ஒரு சின்ன கணக்கில் ஆரம்பிப்போம்.

எஃப்.எம். வானொலிக்கு ஒதுக்கிய அலைவரிசை 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை. ஒரு நிலையம் இன்னொன்றின் மேல் ஏறாமல் இருக்க 800 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி விடுகிறார்கள். அப்படி விட்டாலும் ஓர் ஊரில் 25 நிலையங்களுக்கு இடம் உண்டு. பக்கத்து ஊர்களுக்கு விட்டுக்கொடுத்தாலும் பத்துக்குக் குறையாது. கோவில்பட்டியில் ரேடியோ முள்ளை இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசி வரை திருப்பிப் பாருங்கள். தூரத்துக் கொடைக்கானல் பண்பலை கேட்கும், நெல்லைப் பக்கத்து நிலையங்கள் கேட்கும். மற்றதெல்லாம் 'உஸ்ஸ்ஸ்' என்று இரைச்சல்தான். அந்த இரைச்சல் முழுக்க யாருக்கும் கொடுக்காமல் கிடக்கும் தரிசு நிலம்!

தரிசு யாருடையது? 1995 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. கிரிக்கெட் ஒளிபரப்பு உரிமை பற்றி வங்காள கிரிக்கெட் சங்கம் நடத்திய வழக்கு அது. அலைவரிசை பொதுச் சொத்து, அரசின் தனிச்சொத்து அல்ல. மக்கள் நலனுக்குத்தான் பயன்பட வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம். சரி, பொதுச் சொத்தை எப்படிப் பங்கு வைத்தார்கள்?

எந்த அலைவரிசை எந்த வேலைக்கு என்பதை உலக அளவில் ஜெனீவாவில் இருக்கும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் பிரிக்கிறது. இந்தியாவுக்குள் அதை நிர்வகிப்பது தொலைத்தொடர்புத் துறையின் ஒரு பிரிவு. ரேடியோ நிலையம் நடத்த அனுமதி தருவது தகவல் ஒலிபரப்பு அமைச்சகம். தனியாருக்கு ஏலம் விடுவது 2000 வாக்கில் தொடங்கியது. மூன்றாம் கட்டத்துக்கான கொள்கை 2011ல் வந்தது. அதில் பெரும்பாலும் ஒரு லட்சம் மக்கள்தொகை தாண்டிய ஊர்களைத்தான் பட்டியலில் சேர்த்தார்கள். 2011 கணக்கெடுப்பிலேயே கோவில்பட்டி நகராட்சியின் மக்கள்தொகை 95 ஆயிரம் சொச்சம்தான். போச்சா? 2024 ஆகஸ்டில் 234 புதிய ஊர்களுக்கு ஏலம் விட மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. தமிழ்நாட்டில் ராஜபாளையம், காரைக்குடி, திண்டுக்கல் எல்லாம் பட்டியலில் வந்தன. தீப்பெட்டிக்கும் கடலைமிட்டாய்க்கும் பேர்போன நம்ம ஊர் இல்லை. சுற்றியிருக்கும் நூற்றுக்கணக்கான கரிசல் கிராமங்களை அந்தக் கணக்கில் யார் சேர்த்தார்கள்?

ஊர் பட்டியலில் வந்தாலும் பெரிய சந்தோஷம் வேண்டாம். ஏனென்றால் இந்தியாவில் தனியார் எஃப்.எம். சொந்தமாகச் செய்தி சொல்லக் கூடாது! ஆகாசவாணிச் செய்தியை ஒரு வார்த்தை மாற்றாமல் அப்படியே ஒலிபரப்பலாம், அவ்வளவுதான். கல்லூரிகளும் தொண்டு நிறுவனங்களும் நடத்தும் சமுதாய வானொலிக்கும் ஆகாசவாணியை விட்டால் வேறு செய்தி கிடையாது.

இதன் அர்த்தம் என்ன? 2023 ஜூனில் 20 ரூபாய்க்குக் குறைவான சிகரெட் லைட்டர் இறக்குமதிக்கு மத்திய அரசு தடை போட்டது. தீப்பெட்டித் தொழிலை நம்பியிருக்கும் கோவில்பட்டிக்கு அதுதான் தலைப்புச் செய்தி. ஊருக்குள் ஒரு எஃப்.எம். இருந்திருந்தால்கூட அது தானாக விசாரித்துச் சொல்லியிருக்க முடியாது. மக்காச்சோளத்தில் படைப்புழு விழுந்தால் மருந்து பற்றி நிகழ்ச்சி போடலாம். நிவாரணம் ஏன் வரவில்லை என்று விவசாயிகள் தாலுகா ஆபீஸ் முன்னால் உட்கார்ந்தால் அது செய்தி, வாயை மூடு!

உச்சக்கட்டம் இனிமேல்தான். மழை, வெள்ளம் பற்றிச் சொல்லலாம் என்று விதியில் விலக்கு இருக்கிறது. ஆனால் இயற்கைப் பேரிடர் அறிவிப்பு உள்ளூர் நிர்வாகம் கொடுத்ததாக இருக்க வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நினைத்துப் பாருங்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை. கோவில்பட்டியிலும் ஏறக்குறைய 50 செ.மீ. பல இடங்களில் கரண்ட் இல்லை, செல்போன் டவர் இல்லை. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலே நின்றுபோனது. அப்படிப்பட்ட ராத்திரியில் இரண்டு பேட்டரி போட்டால் பேசுகிற ஒரே சாதனம் ரேடியோதான். எந்தக் கண்மாய் உடைந்தது, எந்த ரோடு போச்சு என்று ஊர்க்காரன் கண்ணால் பார்த்ததைச் சொல்ல, ஆபீஸிலிருந்து தாள் வரும்வரை காத்திருக்க வேண்டுமா?

'பாதுகாப்பு' என்பார்கள். 'கண்காணிக்க முடியாது' என்பார்கள். டிவியில் 24 மணி நேரமும் செய்தி ஓடுகிறது. கையில் போன் இருக்கிற யாரும் யூடியூபில் சேனல் ஆரம்பித்து எதையும் சொல்லலாம். உரிமம் வாங்கி, முகவரி கொடுத்து, அரசு கொடுத்த அலைவரிசையில் பேசுகிறவனால் மட்டும்தான் ஆபத்தா? நேபாளத்தில் 1997ல் தொடங்கிய ரேடியோ சாகர்மாதா மாதிரி சமுதாய வானொலிகள் செய்தி சொல்கின்றன. அவ்வளவு தூரம் ஏன், கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையில் ஒரு சூரியன் எஃப்.எம். இருக்கிறது. செய்தி சொல்கிறது. இந்தப் பக்கம் வேறு கம்பெனியின் சூரியன் எஃப்.எம். பாட்டுதான் போட முடியும். ஒரே பேரு, ஒரே பாஷை, கடல்தான் நடுவில் :-)

நான் சொல்வது புரட்சி ஒன்றுமில்லை. மணிக்கு 10 நிமிடம் செய்திக்கு அனுமதிக்கலாம் என்று டிராய் அமைப்பே 2023 செப்டம்பரில் பரிந்துரைத்தது. மறு வருஷம் 234 ஊர்களுக்கு ஏலத்தை அறிவித்தபோது 'தாய்மொழியில் உள்ளூர் நிகழ்ச்சிகள்' என்று பெருமை பேசிய அரசு, அந்த 10 நிமிடத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. அதை நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும். சமுதாய வானொலிக்கும் அதே உரிமை வேண்டும். ஒரு லட்சம் தலை என்ற கணக்கைத் தூக்கிப் போட்டுவிட்டுச் சுற்றுவட்டாரக் கிராமங்களையும் எண்ண வேண்டும்.

1901லேயே வேளாண் ஆராய்ச்சி நிலையம் வந்த ஊர் இது. மானாவாரிக்காரனுக்கு மழையை நம்பத் தெரியும், பொறுமையும் உண்டு. ஆனால் காலியாகக் கிடக்கிற காற்றைக்கூட டெல்லியிடம் கெஞ்சித்தான் வாங்க வேண்டும், வாங்கினாலும் பேசக் கூடாது என்றால், பொதுச் சொத்து என்ற வார்த்தைக்கு என்னதான் அர்த்தம்?

நீங்க என்ன சொல்றீங்க?