கோட்டாவில் வண்டியை நிறுத்துங்கள்

பக்கத்துத் தெருத் தம்பி ஒருவர் பைக்கிலேயே மங்களூரிலிருந்து கோவா வரை போய்வந்திருக்கிறார். இந்த வாரம் வீட்டுக்கு வந்து படங்களைக் காட்டினார். மரவந்தே, முருடேஸ்வரத்துச் சிவன் சிலை, வரிசையாகக் கடற்கரைகள். "சாப்பாடெல்லாம் எப்படிப்பா?" என்று கேட்டேன். "அங்க என்ன சார் கிடைக்கும்? ஹைவே ஹோட்டல்ல ஃப்ரைட் ரைஸ்தான்" என்றார். அவர் போய் நெடுநேரமாகியும் எனக்கு ஆறவில்லை.

நெடுஞ்சாலை உணவகங்களோடு எனக்குள்ள சண்டை இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரிந்ததுதான். எந்த மாநிலத்துக்குப் போனாலும் அதே பனீர் பட்டர் மசாலா, அதே கோபி மஞ்சூரியன். ஆனால் தேசிய நெடுஞ்சாலை 66இல், அதுவும் உடுப்பியைத் தாண்டிப் போகும்போது, ஒருவர் ஃப்ரைட் ரைஸ் தின்றார் என்பதைத் தாங்கவே முடியவில்லை. நமக்கு மசால்தோசையையும் ஃபில்டர் காபியையும் மேசை போட்டுப் பரிமாறக் கற்றவர்களின் சொந்த ஊர் அது.

அடுத்துப் போகிறவர்களுக்காகச் சொல்கிறேன். அக்டோபர் முதல் பிப்ரவரி வரை போங்கள். ஜூன், ஜூலையில் போனால் மழை கண்ணை மறைக்கும். அந்த இரண்டு மாதமும் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை வேறு. மங்களூரில் காலையில் பன்ஸ் கேளுங்கள். கனிந்த வாழைப்பழத்தைத் தயிரும் மைதாவும் சேர்த்துப் பிசைந்து, பூரிபோல் பொரித்தது. தேங்காய்ச் சட்னியோடு தின்ன வேண்டும். மதியத்துக்குக் கோரி ரொட்டி. அப்பளம்போல் நொறுங்கும் அரிசி ரொட்டியின்மேல் கோழிக்குழம்பை ஊற்றி, ஊறுவதற்கு முன்பும் ஊறிய பின்பும் இரண்டு ருசியில் சாப்பிடலாம். மீன் என்றால் காணெ, நம் கிழங்கான்தான், ரவை தடவி வறுத்துத் தருவார்கள். உடுப்பிக்குச் சற்று முன்னால் கட்பாடியில் இடப்பக்கம் திரும்பினால் மட்டு கிராமம். அங்கே விளையும் வெளிர்பச்சைக் குண்டுக் கத்தரிக்காய், மட்டு குள்ளா, புவிசார் குறியீடு பெற்றது. அது போட்ட சாம்பார் எங்கே கிடைக்கும் என்று விசாரித்துச் சாப்பிடுங்கள். மல்பெயில் படகேறி செயின்ட் மேரீஸ் தீவின் எரிமலைப் பாறைத் தூண்களைப் பார்க்கலாம். மலை பிடிக்குமென்றால் ஹெப்ரி வழியாக ஆகும்பே; 14 கொண்டை ஊசி வளைவுகள், ஈரத்தில் பாசி வழுக்கும், நிதானம் தேவை.

இதெல்லாம் யாரும் சொல்லிவிடுவார்கள். அந்தத் தம்பி கோட்டாவை எண்பது கிலோமீட்டர் வேகத்தில் கடந்துபோனார் என்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம். உடுப்பிக்கும் குந்தாப்புரத்துக்கும் நடுவே இருக்கும் சின்ன ஊர் அது. கன்னட நாவலாசிரியர் சிவராம காரந்த் 1902இல் அங்கேதான் பிறந்தார்.

1940களின் தொடக்கத்தில் அவர் எழுதிய 'மரளி மண்ணிகெ' தமிழில் 'மண்ணும் மனிதரும்' என்று வந்திருக்கிறது. அதைப் படிக்கச் சொல்லி முன்பும் மன்றாடியிருக்கிறேன், இன்றும் மன்றாடுகிறேன். கோட்டாவை ஒட்டிக் கடலோரத்தில் கிடக்கும் கோடி கிராமத்தில் மூன்று தலைமுறையாக வாழும் ஒரு புரோகிதக் குடும்பத்தின் கதை. ராம ஐதாளர் சடங்குக்குப் போய்த் தட்சிணை வாங்கி வருகிறார். சேற்றில் இறங்கி நிலத்தைக் காப்பாற்றுவதெல்லாம் வீட்டுப் பெண்கள்தான். மனைவி பாரோதியும் விதவைத் தங்கை சரசோதியும் மழையிலும் உப்புக்காற்றிலும் உழைக்கும் உழைப்பைக் காரந்த் அவசரமில்லாமல், பருவம் பருவமாகச் சொல்லிக்கொண்டே போவார். எனக்குத் தெரிந்து, வீட்டுப் பெண்ணின் உடலுழைப்பை இவ்வளவு மரியாதையோடு எழுதிய இந்திய நாவல்கள் மிகக் குறைவு. அவர்களுக்குப் பின்னால் மருமகள் நாகவேணி வருகிறாள். ஊதாரிக் கணவனால் எல்லாவற்றையும் இழந்தும் வயலின் வாசிப்பதை விடாதவள். அவளை நினைத்தால் இப்போதும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

இந்த நாவலுக்குள்ளேதான் உடுப்பி ஹோட்டலின் கதையும் இருக்கிறது. பக்கத்து வீட்டு சீன மய்யரின் குடும்பம் பெங்களூர் போய் ஹோட்டல் நடத்திப் பணம் பார்க்கிறது. ஐதாளருக்கு அது பொறுக்கவில்லை. போட்டிக்கு மகன் லச்சனை இங்கிலீஷ் படிக்க வைக்கிறார். அவன் குடும்பத்தையே அழிக்கிறான். ஒரு வீட்டுப் பிள்ளை அடுப்படியை நம்பி வெளியூர் போகிறான், இன்னொரு வீட்டுப் பிள்ளை பள்ளிக்கூடத்தை நம்பிப் போகிறான். இருவரையும் ஊரைவிட்டுத் தள்ளியது, குடும்பம் பெருகப் பெருகச் சோறு போட முடியாமல் போன அந்த நிலம்தான். தென்கன்னடத்துக் கடந்தலெ கிராமத்திலிருந்து சென்னைக்கு வந்து, 1938இல் ராயப்பேட்டையில் உட்லண்ட்ஸைத் தொடங்கிய கே. கிருஷ்ண ராவைப் போன்றவர்களின் வாழ்க்கையை நான் புரிந்துகொண்டது காரந்தைப் படித்த பிறகுதான். ஜெமினி பக்கத்தில் இருந்த டிரைவ்-இன் உட்லண்ட்ஸை 2008இல் மூடியபோது நாம் எல்லோரும் காபிக்காக அழுதோம். அந்தக் காபியைக் கொண்டுவந்து வைத்த கைகள் எந்த ஊரிலிருந்து, எதனால் வந்தன என்று நம்மில் எத்தனை பேர் கேட்டோம்?

ஆகவே தம்பி, அடுத்த முறை போகும்போது கோட்டாவில் வண்டியை நிறுத்துங்கள். பக்கத்தில் கோட்டதட்டுவில் காரந்த் பெயரில் ஒரு பூங்கா இருக்கிறது, பாருங்கள். பிறகு நெடுஞ்சாலையை விட்டு மேற்கே இறங்கிக் கடலோரக் கிராமச் சாலையில் மெதுவாகப் போங்கள். நீர்தோசை போடும் சின்னக் கடை கண்ணில் பட்டால் உட்காருங்கள். பச்சரிசியை ஊறவைத்து அரைத்து, புளிக்கவிடாமல் தண்ணீராகக் கரைத்து ஊற்றும் தோசை, உளுந்து கிடையாது. தேங்காய்த் துருவலும் வெல்லமும் தொட்டுக்கொள்ளத் தருவார்கள். பாரோதியும் சரசோதியும் பாடுபட்ட மண்ணில் அரிசியும் தேங்காயும்தான் விளையும், அவைதான் இலையில் வரும்.

நவம்பரிலிருந்து மே வரைக்குள் போனால் சாலிக்கிராமம், கோட்டாப் பக்கம் அன்றிரவு யட்சகானம் எங்கே என்று கடைக்காரரிடம் கேளுங்கள். காரந்த் பாதி ஆயுளைக் கொடுத்த கலை அது. அறுவடையான வயலில் விடியவிடிய ஆடுவார்கள். அப்படி விழித்திருந்தால் காலையில் வண்டியை எடுக்காதீர்கள். அறையில் நன்றாகத் தூங்கிவிட்டு, மதியத்துக்குமேல் குந்தாப்புரம் போய்ச் சேர்ந்தால் போதும். அங்கே கோழி நெய் ரோஸ்ட் காத்திருக்கும்.