இல்லத்தார் பகுதி: கரியடுப்பும் டீசல் கணப்பும்



தென்பாண்டிச் சீமையிலிருந்து வந்த நம்மவர்க்கு இவ்வூரின் மார்கழி, தை மாதக் குளிர் சற்றுக் கடுமையானதே. 1946 ஜனவரி 8ஆம் நாள் ஹைதராபாத்தில் வெப்பநிலை 6.1 டிகிரிக்கு இறங்கியதாகப் பதிவு உண்டு. வடநாட்டார் கேட்டால் நகைப்பார்கள். ஆயினும் தூத்துக்குடியில் எழுபது ஆண்டு வாழ்ந்த என் அன்னையாருக்குப் பன்னிரண்டு டிகிரியே பனிமலைதான்.

சென்ற தை மாதத்தில் ஓரிரவு மின்சாரம் நின்றது, மின்கணப்பும் அணைந்தது. அம்மா நடுங்குவதைக் காணப் பொறாமல் குமுட்டியில் கரி மூட்டி, புகை அடங்கியபின் அறைக்குள் வைத்துச் சன்னல்களைச் சாத்தினேன். புகையில்லையாதலால் தீங்கில்லை என்பது என் கணக்கு. ரயில்வேயில் நாள்தோறும் கணக்கெழுதுகிறவன் போட்ட கணக்கு அது! நள்ளிரவில் என் சிறுமகள் வாந்தியெடுக்கும் ஓசை கேட்டு விழித்தேன். தலை பிளந்துவிடும்போல் இருந்தது, கால்கள் தள்ளாடின. எவ்வாறோ கதவைத் திறந்து எல்லோரையும் முற்றத்துக்குக் கொணர்ந்தேன். அம்மா கண் திறக்கப் பலமுறை அழைக்க வேண்டியதாயிற்று. மருத்துவமனையில் விடியும்வரை பிராணவாயு கொடுத்தார்கள்.

அண்டைவீட்டுச் சுபேதார் ஐயா மறுநாள் வந்து, "தம்பி, புகை கண்ணில் படும், தப்பிவிடலாம். கொல்லுவது கண்ணில் படாதது" என்றார். கார்பன் மோனாக்சைடு என்னும் அவ்வாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. பிராணவாயுவினும் இருநூறு மடங்குக்கு மேலான பிடிப்புடன் குருதியைப் பற்றிக்கொள்வது அது. 2020 ஜனவரியில் நேபாளத்தின் டாமன் என்னுமிடத்தில், விடுதியறையில் எரிவாயுக் கணப்புடன் உறங்கிய கேரளத்தார் எண்மர் மாண்டனர். அவர்களுள் நால்வர் குழந்தைகள்.

சைனிக்புரி படைவீரர் குடியிருப்பன்றோ! பனிமலையில் புகாரி அடுப்பு மூட்டியவர்களுக்குப் புகைபோக்கியின் அருமை தெரியும். குளிர்நாட்டு லாரிகளில் ஓட்டுநர் உறங்க வைக்கும் சிறு டீசல் கணப்பொன்றை ஐயா தருவித்தார். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் உழைத்தோம். கருவியும் எண்ணெய்க் கலமும் வீட்டுக்கு வெளியே, தாழ்வாரக் கூரையின்கீழ்த் தகரப் பெட்டியில் உள்ளன. எரிவதற்கான காற்றை அது வெளியிலிருந்தே இழுக்கிறது; கழிவுப்புகையும் எஃகுக் குழாய் வழியே சன்னலுக்கு எட்டாத திசையில் வெளியேறுகிறது. சுடுகாற்று மட்டும் வேறொரு குழாயில் அறைக்குள் வரும். எரிப்பறையும் சுடுகாற்றும் ஒன்றோடொன்று கலவாதிருப்பதே இதன் உயிர்நிலை.

இன்வர்ட்டரின் 12 வோல்ட் பேட்டரியே போதுமானது. பற்றவைக்கும் சில நிமிடங்களுக்குப் பத்து ஆம்பியர் அளவில் இழுக்கும். பின்பு விசிறிக்குச் சிறிதளவே. குறைந்த சூட்டில் ஓரிரவுக்கு ஒன்றரை லிட்டர் டீசலுக்குள் முடிகிறது. நிறுத்தும்போது பேட்டரிக் கம்பியைப் பிடுங்கலாகாது; விசிறி சுழன்று கருவி ஆறும்வரை பொறுக்க வேண்டும். நான் ஒருமுறை பொறுக்காமல் ஐயாவிடம் வசவு வாங்கினேன்.

இத்தனைக்கும் பிறகும், கார்பன் மோனாக்சைடைக் கண்டு ஒலிக்கும் எச்சரிக்கை மணியொன்றை அம்மாவின் தலைமாட்டில் மாட்டியிருக்கிறேன். சமையல்வாயுக் கசிவுக்கென விற்கும் மணி இதற்கு உதவாது; கடைக்காரர் இரண்டும் ஒன்றே என்பார், நம்பவேண்டா.

"அந்தக் குமுட்டியை எங்கே வைத்தாய்?" என்று அம்மா இன்னும் கேட்கிறார்கள். மொட்டைமாடியில் இருக்கிறது, மக்காச்சோளம் சுடுவதற்கு.